சின்ன ஓவியங்கள், ஒரு பிரம்பு நாற்காலி: க்வென் ஜான் பற்றிக் கேள்வி பதில்

க்வென் ஜான் என்ற ஓவியரைப் பற்றி வந்த கேள்விகளையெல்லாம் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். பல வருடங்களாக இவருடைய படங்களைப் பார்த்தும், இவரைப் பற்றிப் படித்தும் வருகிறேன். எண்ணெய் வண்ணத்தில் சின்ன அளவில் முகங்கள் வரைவது என் பழக்கம் என்பதால் செய்முறைக் கேள்விகளுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: இந்தப் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

வேல்ஸில் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் என்ற ஊரில் 1876 ஜூன் 22ஆம் தேதி பிறந்தவர். எட்டு வயதில் தாயை இழந்தார். அப்புறம் குடும்பம் டென்பி என்ற கடற்கரை ஊருக்குக் குடிபோனது. 1895இல் லண்டன் ஸ்லேடு ஓவியப் பள்ளியில் சேர்ந்து மூன்று வருடம் படித்தார். 1904 தொடக்கத்தில் பாரிஸ் போனவர், பிறகு பிரான்ஸிலேயே தங்கிவிட்டார். 1939 செப்டம்பர் 18ஆம் தேதி டியெப் என்ற துறைமுக ஊரில் இறந்தபோது வயது 63.

வரைந்தது பெரும்பாலும் பெண்கள். ஒரு படத்தில் ஒரே ஒரு பெண், உட்கார்ந்தபடி, கைகளை மடியில் வைத்தபடி. அப்புறம் அறைகள், பூனைகள், தேவாலயத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுகள். இவ்வளவுதான் அவருடைய உலகம். இந்த உலகத்துக்குள் அவர் எவ்வளவு தூரம் போனார் என்பதுதான் எனக்கு இன்னும் வியப்பு.

கேள்வி: "சின்ன ஓவியம்" என்றால் எவ்வளவு சின்னது? சிற்றோவியம் மாதிரி உள்ளங்கையில் அடங்குமா?

இல்லை, அவ்வளவு சின்னது இல்லை. லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கும் 1902ஆம் ஆண்டுத் தன்னுருவப் படம், சிவப்பு ரவிக்கை போட்டது, ஏறக்குறைய 45 செ.மீ. உயரம், 35 செ.மீ. அகலம். ஷெஃபீல்டில் இருக்கும் பாரிஸ் அறைப் படம் சுமார் 32க்கு 27 செ.மீ. விரித்த செய்தித்தாளின் ஒரு பக்கத்தைவிடச் சின்னது. அவருடைய படங்களில் இரண்டு அடியைத் தாண்டியவை மிகவும் அரிது.

அளவு ஏன் முக்கியம் என்றால், அது நம்மை எங்கே நிற்க வைக்கிறது என்பதை முடிவு செய்கிறது. ஆறடிப் படத்தைப் பார்க்க நாம் பின்னால் போகிறோம். முப்பது சென்டிமீட்டர் படத்தைப் பார்க்க, எதிரில் உட்கார்ந்து பேசுகிறவரின் தூரத்துக்குப் போகிறோம். அந்தத் தூரத்தில் ஒருவர் பேசாமல் இருந்தால் அந்த மௌனம் நமக்குக் கேட்கும். க்வென் ஜான் படங்கள் அந்த இடத்தில்தான் வேலை செய்கின்றன. அச்சில் பெரிதாக்கிப் போட்ட பிரதிகளில் இது முழுக்கத் தொலைந்துபோகிறது. கணினியில் பார்க்கிறவர்கள் படத்தை அதன் உண்மையான அளவுக்குச் சுருக்கி வைத்துப் பாருங்கள்.

கேள்வி: இவர் அண்ணன் அகஸ்டஸ் ஜான்தான் பெரிய ஓவியர் என்று படித்தேன். அண்ணனின் நிழலில் வாடியவரா இவர்?

முதலில் ஒரு திருத்தம். அகஸ்டஸ் தம்பி, 1878இல் பிறந்தவர். ஸ்லேடு பள்ளியில் மட்டும் அவர் ஒரு வருடம் முன்னால், 1894இலேயே சேர்ந்தார். அதனால்தான் பலரும் அண்ணன் என்று நினைத்துவிடுகிறார்கள்.

அவர் காலத்தில் பிரிட்டனில் அகஸ்டஸ் மிகவும் புகழ்பெற்றவர். தாமஸ் ஹார்டி, டபிள்யூ. பி. யேட்ஸ் போன்ற எழுத்தாளர்களின் உருவப்படங்களை வரைந்தார். வேகமான கை, பெரிய கேன்வாஸ், கூட்டம் நிறைந்த வாழ்க்கை. அக்காவுக்கும் தம்பிக்கும் எல்லாமே நேர்மாறு. ஆனால் "நிழலில் வாடினார்" என்று சொல்ல மாட்டேன். தம்பியின் புகழ் கொடிகட்டிப் பறந்த லண்டனை விட்டு அவராகவே விலகிப் போனார். தம்பிக்கும் அக்காவின் திறமை நன்றாகவே தெரியும். தன்னைவிட அவர்தான் உயர்ந்த கலைஞர், வருங்காலம் அதைச் சொல்லும் என்று அகஸ்டஸ் வெளிப்படையாகவே பேசினார். 1946இல் லண்டன் மத்தீசன் காட்சியகத்தில் அக்காவுக்கு நினைவுக் கண்காட்சி நடந்தபோது முன்னுரை எழுதியவரும் அவர்தான்.

கேள்வி: அந்தக் காலத்தில் பெண்களை ஓவியப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்களா?

ஸ்லேடு 1871இல் தொடங்கியபோதே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. உயிருள்ள மாடலைப் பார்த்து வரையும் பயிற்சியும் பெண்களுக்கு உண்டு. ஆண்களுக்குத் தனி அறை, பெண்களுக்குத் தனி அறை. ஹென்றி டாங்க்ஸ் அங்கே கோட்டோவியம் கற்றுக்கொடுத்தார், ஃபிரெடரிக் பிரௌன் பேராசிரியராக இருந்தார். மனித உருவங்களை ஒரு காட்சியாக அமைத்து வரையும் படத்துக்கான பரிசை க்வென் 1898இல் வாங்கினார். மேலே சொன்ன சிவப்பு ரவிக்கைத் தன்னுருவத்தை விலை கொடுத்து வாங்கிக்கொண்டவர் பிரௌன்தான். ஓர் ஆசிரியர் மாணவிக்குச் செய்யும் மரியாதை இதைவிட வேறு என்ன இருக்க முடியும்?

கேள்வி: விஸ்லரிடம் படித்தார் என்கிறார்களே, அவர் என்ன கற்றுக்கொடுத்தார்?

1898 இலையுதிர்காலத்தில் பாரிஸில் அகாதெமி கார்மென் என்ற பள்ளி தொடங்கியது. அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் மக்னீல் விஸ்லர் அங்கே வந்து மாணவர்களின் வேலையைப் பார்ப்பார். ஐடா நெட்டில்ஷிப், க்வென் சாமண்ட் என்ற இரண்டு ஸ்லேடு தோழிகளோடு க்வென் ஜான் பாரிஸ் போனார். படித்தது சில மாதங்கள்தான். 1899இல் லண்டன் திரும்பிவிட்டார்.

அந்தச் சில மாதங்கள் வாழ்நாள் முழுக்கக் கூடவே வந்தன. விஸ்லர் சொன்னது இதுதான்: கேன்வாஸில் பிரஷ் வைப்பதற்கு முன்னால் வண்ணம் கலக்கும் தட்டிலேயே எல்லாத் தொனிகளையும் வரிசையாகக் கலந்து வை. படத்தின் முடிவு தட்டிலேயே இருக்க வேண்டும். பின்னாளில் அகஸ்டஸ் ஒரு சம்பவத்தை எழுதினார். அக்காவின் வேலையில் ஆளின் குணம் நன்றாக வெளிப்படுகிறது அல்லவா என்று விஸ்லரிடம் கேட்டாராம். குணம் கிடக்கட்டும், தொனிதான் முக்கியம், அது உன் அக்காவுக்கு நன்றாகவே கைவந்திருக்கிறது என்ற பொருளில் விஸ்லர் பதில் சொன்னாராம்.

கேள்வி: "தொனி" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஓவியம் தெரியாது. எளிமையாக விளக்க முடியுமா அக்கா?

முடியும். ஒரு படத்தைக் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நிறங்கள் மங்கிப் போய் வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். எது எவ்வளவு வெளிச்சம், எது எவ்வளவு இருட்டு என்ற அந்த அளவுதான் தொனி.

பெரும்பாலான உருவப்பட ஓவியர்கள் முகத்தில் நல்ல வெளிச்சம், பின்னால் நல்ல இருட்டு என்று வைப்பார்கள். முகம் சட்டென்று முன்னால் வரும். க்வென் ஜான் தொடக்கத்தில் அப்படிச் செய்தார். போகப் போக இந்த இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தார். 1920 வாக்கில் வரைந்த படங்களில் முகம், சுவர், மேசைத் துணி மூன்றும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சத்தில் இருக்கும். கண்ணைப் பாதி மூடினால் படமே மறைந்துபோகும். அவ்வளவு நெருக்கமான தொனிகளை வைத்துக்கொண்டு கன்னம் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று காட்டுவது சாதாரணக் காரியம் இல்லை. ஒரு தொனி ஓர் இழை கூடிப்போனாலும் அந்த இடம் ஓட்டையாகத் தெரியும். அவருடைய படங்கள் அமைதியாக இருப்பதற்கு இந்தக் கணக்கு பெரிய காரணம். மாடல் அமைதியானவர் என்பதால் மட்டும் படம் அமைதியாகிவிடாது.

கேள்வி: இவர் பயந்த சுபாவம் உள்ளவர், வெளியே வராதவர், அதனால்தான் சின்னதாக வரைந்தார் என்று ஒரு கட்டுரையில் இருந்தது. சரிதானே?

சரியில்லை. இந்தக் கருத்து எனக்கு வருத்தம் தருகிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

1903இல் இவரும் டொரிலியா மக்னீல் என்ற தோழியும் ரோமுக்கு நடந்தே போவதென்று கிளம்பினார்கள். கப்பலில் பிரான்ஸின் போர்டோ வரை போய், அங்கிருந்து கரோன் ஆற்றங்கரையோரமாக நடை. படம் வரையும் சாமான்களை முதுகில் சுமந்துகொண்டு போனார்கள். வயல்களில் தூங்கினார்கள். ஊர் ஊராக ஆட்களின் முகத்தை வரைந்துகொடுத்துச் சில ஃபிராங்குகள் சம்பாதித்துச் சாப்பிட்டார்கள். துலூஸ் வரை போய்க் குளிர்காலத்தை அங்கே கழித்தார்கள். ரோம் போகவில்லை, 1904இல் பாரிஸ் வந்து சேர்ந்தார்கள். துலூஸில் விளக்கு வெளிச்சத்தில் டொரிலியாவை வைத்து வரைந்த படங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, மேசையின் பக்கத்தில் நின்று புத்தகத்தைப் பார்க்கும் "மாணவி", மான்செஸ்டர் ஓவியக் காட்சியகத்தில் இருக்கிறது.

1903இல் இரண்டு இளம்பெண்கள் இப்படிப் போனார்கள். பாரிஸ் வந்த பிறகும் மாடலாக நின்று சொந்தக் கையால் சம்பாதித்துத் தனி அறை எடுத்து வாழ்ந்தார். பயந்தவரின் வாழ்க்கையா இது? தனிமையை அவர் தேடிப் பெற்றார். யாருமே தன்னை அறியாத இடத்தில், மனிதர்களும் பொருட்களும் தன்னை அளவுக்கு மீறிப் பாதிக்காத அளவுக்குப் பலம் வரும்வரை வாழ வேண்டும் என்று ஒரு கடிதத்தில் எழுதினார். பலம் வேண்டும் என்று கேட்கிறவர் அவர். சின்ன அளவும் அப்படி எடுத்த முடிவுதான் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: ரோதானோடு என்ன உறவு? அவரால்தான் வாழ்க்கை கெட்டதா?

1904இல் சிற்பி ஒகுஸ்த் ரோதானுக்கு மாடலாக நின்றார். விஸ்லருக்கு நினைவுச்சின்னமாக ரோதான் செய்த கலைத்தேவதைச் சிற்பத்துக்கு நின்றவர் க்வென்தான். அந்தச் சின்னம் முழுமையடையாமலே ரோதான் 1917இல் இறந்தார். இருவரும் காதலர்கள் ஆனார்கள். அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது, இவருக்கு இருபத்தெட்டு வாக்கில். க்வென் எழுதிய சுமார் 2000 கடிதங்கள் பாரிஸ் ரோதான் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அந்தக் காதல் தீவிரமானது, பெரிய பாரமாகவும் இருந்தது. அவர் எப்போது வருவார் என்று காத்திருந்த நாட்கள் ஏராளம். ஆனால் அதே வருடங்களில்தான் க்வெனின் மிகச் சிறந்த அறைப் படங்களும் வந்தன. அறையைச் சுத்தமாக, ஒழுங்காக வைத்துக்கொள் என்று ரோதான் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஒழுங்கு படத்துக்குள்ளும் வந்தது. துன்பத்தைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதைவிட, அந்த வருடங்களில் அவர் கை என்ன செய்தது என்று பார்ப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் நியாயம்.

கேள்வி: பணத்துக்கு என்ன செய்தார்?

முதலில் மாடல் வேலை, பெரும்பாலும் பாரிஸில் இருந்த பெண் ஓவியர்களுக்கு. அப்புறம் நியூயார்க் வழக்கறிஞர் ஜான் க்வின் ஆதரவு கிடைத்தது. அவர் வருடந்தோறும் ஒரு தொகை அனுப்பினார். இவர் முடிக்கும் படங்களை வாங்கிக்கொள்வார். 1913 நியூயார்க் ஆர்மரி கண்காட்சியில் இவர் படம் இருந்ததும் க்வின் மூலமாகத்தான். க்வின் 1924இல் இறந்ததும் அந்த வருமானம் நின்றது.

கேள்வி: மொத்தம் எத்தனை ஓவியங்கள்?

இன்று தெரிந்த எண்ணெய் வண்ணப் படங்கள் 160க்கும் குறைவு. கோட்டோவியங்களும் நீர்வண்ணப் படங்களும் ஆயிரக்கணக்கில். 1976இல் வேல்ஸ் தேசிய அருங்காட்சியகம் இவருடைய ஓவிய அறையில் மிஞ்சியிருந்தவற்றை வாங்கியபோது அதில் மட்டும் 900க்கும் மேற்பட்ட கோட்டோவியங்கள் இருந்தன.

கேள்வி: ஒரே பெண், ஒரே நாற்காலி, ஒரே நீல உடை. திரும்பத் திரும்ப அதே படம் வருகிறதே? எனக்கு உண்மையிலேயே சலிப்பாக இருந்தது. எதை நான் தவறவிடுகிறேன்?

நேர்மையான கேள்வி. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

நீங்கள் சொல்வது "உடல் தேறுகிறவள்" என்ற வரிசை என்று நினைக்கிறேன். நோயிலிருந்து மீண்டுவரும் ஓர் இளம்பெண் பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். முதுகுக்குத் தலையணை. கையில் கடிதமோ புத்தகமோ. பக்கத்துச் சின்ன மேசையில் கோப்பை. இந்தப் படத்தை ஏறக்குறைய பத்து முறை வரைந்தார். ஒன்று டேட்டில் இருக்கிறது, ஒன்று கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில். மாடல் யாரென்று யாருக்கும் தெரியாது.

இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், முகத்தைச் சுற்றி இருப்பதைப் பாருங்கள். ஒன்றில் மேசை கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஒன்றில் சுவர் சூடான நிறம், இன்னொன்றில் சாம்பல் ஏறியது. சுவர் மாறியதும் அதே நீல உடை வேறு நீலமாகிவிடும். உடை மாறியதும் அவள் மனநிலை மாறியதுபோல நமக்குத் தோன்றும். முகத்தில் கைவைக்காமல் மனநிலையை மாற்றுகிறார்! ஒரே ராகத்தைப் பத்து நாள் பாடுகிற பாடகரைப் போல என்று எனக்குத் தோன்றும். பத்தாவது நாளும் அதே சுரங்கள்தான், ஆனால் எதை நீட்டினார், எதைத் தொட்டுவிட்டு வந்தார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இன்னொன்று, மாடலின் உடம்பைக் கவனியுங்கள். தோள், உடை எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய முக்கோணம். அதன் மேலே சின்னத் தலை. கைகள் பெரியவை, கனமானவை. உடற்கூறு தெரியாத பிழை கிடையாது. ஸ்லேடில் பரிசு வாங்கிய கை அது. மடியில் கிடக்கும் அந்தக் கைகளின் எடை படத்தைக் கீழே பிடித்து நிறுத்துகிறது.

கேள்வி: கன்னியாஸ்திரீ படங்கள் எப்படி வந்தன?

1911இல் க்வென் பாரிஸுக்கு வெளியே மெதோன் என்ற ஊரில் குடியேறினார். ரோதான் வீடும் அங்கேதான். 1913இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அந்த ஊரில் டொமினிக்கன் சபைக் கன்னியர் மடம் ஒன்று இருந்தது. அந்தச் சபையைத் தொடங்கிய மரி பூஸ்பேன் (1653–1744) அன்னையின் படம் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள், அதுவும் மடத்தின் ஒவ்வோர் அறைக்கும் ஒன்று.

யோசித்துப் பாருங்கள், இறந்து 170 வருடம் ஆன ஒருவரின் உருவப்படம். ஆதாரமாகக் கிடைத்தது ஒரு சின்ன ஜெப அட்டை. அதில் இருந்த முகத்தை எடுத்துக்கொண்டு 1920 வாக்கு வரை வரைந்தார்; குறைந்தது ஆறு பிரதிகள் இன்று இருக்கின்றன. ஒன்று கார்டிஃபில், ஒன்று பர்மிங்ஹாம் பார்பர் காட்சியகத்தில். முகத்தில் மெல்லிய புன்னகை. ஜெப அட்டையிலிருந்து இந்த உயிர் எப்படி வந்தது என்று கேட்டால், அந்த மடத்துக் கன்னியர்களையும் மாடலாக உட்காரவைத்து வரைந்துகொண்டிருந்தார் என்பதைச் சொல்லலாம். அவர்களுடைய உயிர் இதிலும் ஏறியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

தன் குறிப்பேடு ஒன்றில் தன்னைக் "கடவுளின் சின்ன ஓவியர்" என்று எழுதிக்கொண்டார்.

கேள்வி: எல்லா மாடல்களையும் அன்போடுதான் வரைந்தாரா? படங்கள் அவ்வளவு கனிவாக இருக்கின்றனவே.

இல்லை. ஃபெனெல்லா லவல் என்ற மாடலை வைத்து 1909–10 வாக்கில் இரண்டு படங்கள் வரைந்தார். ஒன்று ஆடையோடு, தோள் தெரிய. அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில். மற்றொன்று ஆடையில்லாமல், அது டேட்டில். அந்தப் பெண்ணை வரைவது பெரிய சிரமம் என்று தோழிக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார், இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. டேட் படத்தில் அது தெரிகிறது. மெலிந்த உடம்பு, சங்கடமான உட்காரல், எதிர்த்துப் பார்க்கும் கண்கள். அதில் இனிமை எதுவும் இல்லை. எனக்கு அது அவருடைய மிகவும் துணிச்சலான படங்களில் ஒன்று. கனிவு மட்டுமே இவருடைய வழி என்று நினைக்கிறவர்கள் அந்தப் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

கேள்வி: நானும் எண்ணெய் வண்ணத்தில் சின்ன முகங்கள் வரைகிறேன். என் படங்கள் பளபளவென்று இருக்கின்றன. அவருடையது சுண்ணாம்புச் சுவர் மாதிரி மங்கலாக, மென்மையாக இருக்கிறது. அது எப்படி வருகிறது?

இதற்காகவே காத்திருந்தேன்.

அவர் இரண்டு வழிகளில் வேலை செய்தார். தொடக்க காலத்தில் பழைய ஐரோப்பிய ஓவியர்களின் வழி: மெல்லிய, ஒளி ஊடுருவும் வண்ணத்தை அடுக்கு அடுக்காகப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசுவது. 1902 தன்னுருவம் அப்படித்தான். பிற்காலத்தில் முற்றிலும் வேறு வழிக்கு மாறினார். வண்ணத்துக்கு அடியில், சுண்ணக்கட்டித் தூளும் விலங்குப் பசையும் கலந்து பூசிய உறிஞ்சும் தளம். அதன் மேல் எண்ணெய் குறைந்த, வறண்ட வண்ணம். சின்னச் சின்னத் தொடுகைகளாக, ஒரே முறையில். தளம் எண்ணெயை உறிஞ்சிக்கொள்வதால் பளபளப்பு போய்விடுகிறது. பல இடங்களில் தளமே கண்ணுக்குத் தெரியும்.

நீங்கள் செய்து பார்க்க வேண்டுமானால், கேன்வாஸை விட்டுவிட்டு மரப்பலகையில் தொடங்குங்கள். பசைத் தளம் வளையாது. தொய்ந்த துணியில் விரிசல் விடும். முயல்தோல் பசை ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, எடைக் கணக்கில். சில மணி நேரம் ஊறவிட்டு, கொதிக்கவிடாமல் சூடாக்குங்கள். கொதித்தால் பசை பலம் இழக்கும். முதலில் பசை மட்டும் ஒரு பூச்சு. அது காய்ந்ததும், மீதிப் பசையில் சுண்ணக்கட்டித் தூளை மெதுவாகத் தூவி, தண்ணீர் விட்ட தயிர்ப் பதம் வரும்வரை சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பூச்சு நெடுக்காக, அடுத்தது குறுக்காக, நான்கைந்து முறை. முழுக்கக் காய்ந்ததும் லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வண்ணம். குழாயிலிருந்து எடுத்து உறிஞ்சுதாளில் கொஞ்ச நேரம் வைத்தால் எண்ணெய் வடியும். எல்லாத் தொனிகளையும் முன்கூட்டியே கலந்துகொள்ளுங்கள், விஸ்லர் பாடம் இங்கேதான் உதவுகிறது. இந்தத் தளத்தில் வண்ணம் உடனே பிடித்துக்கொள்ளும், துடைத்துத் திருத்த முடியாது. தவறினால் அடுத்த பலகைதான். அவர் ஏன் ஒரே படத்தைப் பத்து முறை வரைந்தார் என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது என்று, இதைச் செய்து பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. என்னுடைய முதல் ஐந்து பலகைகளும் வீணாயின. ஆறாவதில் ஒரு காது சரியாக வந்தது. அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

கேள்வி: ஹாமர்ஷாய் படங்களும் இதே மாதிரி அமைதியான அறைகள்தானே? யாரைப் பார்த்து யார் வரைந்தார்கள்?

டென்மார்க்கின் வில்ஹெல்ம் ஹாமர்ஷாய் (1864–1916) கோபன்ஹேகன் வீட்டு அறைகளை வரைந்தவர். ஒருவரைப் பார்த்து மற்றவர் வரைந்தார் என்று சொல்ல ஆதாரம் வேண்டும். எனக்கு அது தேவையாகவும் படவில்லை. ஹாமர்ஷாயின் அறைகளில் யாரோ போய்விட்ட வெறுமை இருக்கும். க்வென் ஜானின் அறையில் ஆள் இல்லாதபோதும் ஆள் இருப்பார்.

கேள்வி: பூனைகள் பற்றிச் சொல்லுங்களேன்.

சந்தோஷமாக! எட்கர் கினே என்று ஒரு பூனை வளர்த்தார். அவர் குடியிருந்த பாரிஸ் வீதியின் பெயரையே அதற்கு வைத்தார். தூங்குகிற பூனை, உட்கார்ந்த பூனை என்று எத்தனையோ நீர்வண்ணப் படங்கள். மாடலுக்குக் கூலி கொடுக்க வேண்டாம், பேச்சும் கிடையாது. கறுப்புப் பூனையை மடியில் வைத்திருக்கும் இளம்பெண்ணின் படம் ஒன்று டேட்டில் இருக்கிறது.

கேள்வி: கடைசிக் காலம் எப்படி இருந்தது? வறுமையில் இறந்தார் என்பது உண்மையா?

1926இல் லண்டன் நியூ செனில் காட்சியகத்தில் ஒரு தனிக் கண்காட்சி நடந்தது. உயிரோடு இருந்தபோது நடந்த ஒரே தனிக் கண்காட்சி அதுதான். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடிலை வாங்கினார். ஆனாலும் வாழ்ந்தது மெதோனில்தான். பக்கத்து வீட்டு வேரா உமான்ஸோஃப் என்ற பெண்ணிடம் ஆழ்ந்த பற்று வைத்து, திங்கட்கிழமைதோறும் ஒரு கோட்டோவியம் கொண்டுபோய்க் கொடுத்த காலம் உண்டு. 1933க்குப் பிறகு வரைந்ததாகத் தேதியிட்ட படம் கிடைக்கவில்லை.

1939 செப்டம்பரில், போர் தொடங்கிய சில நாட்களில், டியெப்புக்கு ரயிலேறினார். அங்கே மயங்கி விழுந்து மருத்துவமனையில் இறந்தார். கையில் பெட்டி எதுவும் இல்லை. ஆனால் கிளம்புவதற்கு முன்னால் பூனைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போயிருந்தார். வறுமை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. தன்னைக் கவனித்துக்கொள்வதை அவர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டிருந்தார்.

கேள்வி: ஒரே ஒரு படத்தில் தொடங்க வேண்டும் என்றால் எது?

"பாரிஸில் ஓவியரின் அறையின் ஒரு மூலை", 1907–09. ஷெர்ஷ்-மிதி தெருவில் 87ஆம் எண் வீட்டின் மாடி அறை. இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஷெஃபீல்டில் உள்ளதில் ஜன்னல் மூடியிருக்கிறது, மெல்லிய திரை வழியாக வெளிச்சம் வருகிறது. சின்ன மேசையில் பூக்கள். பிரம்பு நாற்காலியில் ஓர் ஆடை கிடக்கிறது, ஒரு குடை சாய்ந்திருக்கிறது. கார்டிஃபில் உள்ளதில் ஜன்னல் திறந்திருக்கிறது. மேசையில் திறந்த புத்தகம்.

ஷெஃபீல்டு படத்தை முதலில் பாருங்கள். குறைந்தது ஐந்து நிமிடம். பிறகு கார்டிஃப் படத்துக்குப் போங்கள். ஜன்னல் திறந்ததும் நாற்காலியின் பிரம்பு என்ன நிறமாகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.